‘படம் சூப்பர்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடக் கூடாது

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிறு விடியலில் எடுத்த ஒரு படம் புகைப்பட ஆர்வலர்களின் வாட்ஸப் குழுவுக்கு வருகிறது. ஏலம் நடக்கிறது. நடுவில் ஒருவர் கையை உயர்த்தி விலை சொல்கிறார். சுற்றிலும் கூடைகள், தலைகள், மேலே மஞ்சள் விளக்கு. கொஞ்ச நேரத்தில் பதில்கள் குவிகின்றன: ‘செம’, ‘வேற லெவல்’, ‘சூப்பர் தம்பி’. ஒருவர் மட்டும் ‘நாய்ஸ் ஜாஸ்தி’ என்கிறார். எடுத்தவர் அடுத்த ஞாயிறு அதே இடத்துக்குப் போனால், இதில் எதை வைத்துக்கொண்டு வேறு மாதிரி எடுப்பார்? ‘நாய்ஸ் ஜாஸ்தி’ என்பதும் அவருக்கு உதவாது. நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் புள்ளிக் கரகரப்பு, குறைய வேண்டுமென்று அந்த வெளிச்சத்தில் ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளி உணர்திறனை) குறைத்தால் ஷட்டர் வேகமும் குறையும். உயர்த்திய கை கலங்கிப் போகும்.

உதவக்கூடிய பதில் இப்படி இருக்கும்: ‘என் கண் முதலில் வலது மூலையில் உள்ள வெள்ளைத் தெர்மாகோல் பெட்டிக்குப் போகிறது. அப்புறம்தான் கைக்கு வருகிறது. நீங்கள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து கொஞ்சம் குனிந்திருந்தால் பெட்டி கூடைக்குப் பின்னால் மறைந்திருக்கும். கையும் கூட்டத்தின் தலைகளிலிருந்து பிரிந்து, விடிகிற வானத்துக்கு எதிரே தெரிந்திருக்கும்.’ என்ன தெரிந்தது, அது ஏன் அப்படித் தெரிந்தது, அடுத்த முறை காலையும் கையையும் எங்கே வைப்பது என மூன்றும் இதில் இருக்கின்றன. காரணமும் அடுத்த அடியும் இல்லாத கருத்து, பாராட்டோ குறையோ, எடுத்தவரை நின்ற இடத்திலேயே விட்டுவிடுகிறது.

எடுத்தவருக்குத் தன் படம் சரியாகத் தெரியாது. இது திறமைக் குறைவால் வருவதில்லை. அவர் அந்தப் படத்தைப் பார்க்கும்போது மீன் வாடையும் ஏலக் கூச்சலும் ஐஸ் கட்டி உடைபடும் சத்தமும் கூடவே வந்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு அதெல்லாம் இல்லை, ஒரு செவ்வகம் மட்டும்தான். அதனால் கருத்துச் சொல்பவரிடம் உள்ள மிகப் பெரிய செல்வம் அவருடைய கேமரா அறிவு அல்ல. அங்கே இல்லாமல் போன அவருடைய கண்தான். முதல் பார்வையில் கண் எங்கே போனது, அடுத்து எங்கே, எந்த ஓரத்தின் வழியாக வெளியேறியது என்பதை மட்டும் உள்ளபடி சொன்னாலே பாதி வேலை முடிந்தது. கேமராவே தொடாதவராலும் இதைச் சொல்ல முடியும். வீட்டில் அம்மாவிடம் காட்டி ‘முதலில் என்ன தெரிகிறது?’ என்று கேட்டால், பல நேரம் குழுவில் கிடைக்காத பதில் கிடைக்கும். ‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்கக் கூடாது. அதற்கு அம்மாவிடம் ஒரே பதில்தான் உண்டு.

கருத்துக் கேட்பவர் முதலில் செய்ய வேண்டியது, படத்தை ஒழுங்காக அனுப்புவது. வாட்ஸப்பில் சாதாரணமாகப் போட்டால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்ஸலுக்குச் சுருங்கிவிடும், நுணுக்கங்கள் மெழுகிப் போகும், ஷட்டர், ஐ.எஸ்.ஓ. போன்ற எக்ஸிஃப் விவரங்களும் கழன்றுவிடும். அதைப் பார்த்து ‘ஷார்ப்னஸ் இல்லை’ என்று யாராவது சொன்னால், அது படத்தைப் பற்றியதா வாட்ஸப்பைப் பற்றியதா என்றே தெரியாது. டாக்குமெண்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். ஆனால் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். குறிப்பும் கூடவே போகும் என்பதை மறக்கக் கூடாது. வீடு, குழந்தைகள், பறவைக் கூடு இருக்கும் படங்களில் அதை நீக்கிவிட்டே அனுப்ப வேண்டும். எடிட் செய்து ஏற்றுமதி செய்பவர்கள் நீளப் பக்கம் 2048 பிக்ஸல், ஜேபெக் தரம் 80-85, வண்ண வெளி எஸ்ஆர்ஜிபி என்று வைத்தால் போதும். அடோபி ஆர்ஜிபி என்ற இன்னொரு வண்ண வெளியில் அனுப்பினால் சில செயலிகளில் நிறம் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து ‘கலர் டல்’ என்பார்கள், நீங்கள் சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) ஏற்றுவீர்கள், நன்றாக இருந்த படம் கெட்டுப்போகும்.

ஒரு தடவைக்கு ஒரு படம், மிஞ்சினால் மூன்று. நாற்பது படங்களைக் கொட்டிவிட்டு ‘கருத்துச் சொல்லுங்க’ என்பது தேர்வு செய்யும் வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவது. கூடவே இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். ‘காசிமேடு, விடியற்காலை. ஏலம் விடுபவரின் கை சைகைதான் எனக்கு முக்கியம், அது கூட்டத்தில் தொலைகிறதா? 35 எம்.எம்., 1/60 நொடி, எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200. எனக்குப் பின்னால் சுவர், இதற்கு மேல் பின்னால் போக முடியாது.’ இதைப் படிப்பவர் வேறு எதையும் தேடி அலைய மாட்டார். கையைப் பார்ப்பார். ‘இன்னும் பின்னால் போயிருக்கலாம்’ என்ற வீண் யோசனையும் வராது.

பார்ப்பவரும் தன் திரையைச் சரிபார்க்க வேண்டும். இரவில் போனில் கண் பாதுகாப்பு வடிகட்டி தானாக ஓடிக்கொண்டிருக்கும். அதோடு பார்த்துவிட்டு ‘வொய்ட் பேலன்ஸ் மஞ்சளா இருக்கு’ என்பது அடிக்கடி நடக்கிறது. பல போன்களில் விவிட் என்ற வண்ண அமைப்பு இயல்பாகவே போட்டு வருகிறது. சிவப்பும் பச்சையும் உள்ளதைவிடத் துள்ளும். நேச்சுரல் என்று மாற்றி, வெளிச்சத்தை நடுவில் வைத்து, முதலில் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாகப் பார்க்க வேண்டும். அமைப்புக் குறைகள் சின்ன அளவில்தான் பளிச்சென்று தெரியும். பெரிதாக்கி ஃபோகஸ் பார்ப்பது அதற்குப் பிறகு. முதலிலேயே இரண்டு விரலை வைத்து விரித்துக் கண்ணிமையைத் தேடுகிறவர் படத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

‘ஷார்ப்பா இல்லை’ என்ற ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு கொஞ்சம் உள்ளே போகலாம். அதிகம் சொல்லப்படுவதும், அதிகம் தவறாகச் சொல்லப்படுவதும் அதுதான். ஒரு படம் மங்கலாக இருப்பதற்குக் குறைந்தது ஐந்து காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. அசையாத சுவர், கம்பம், விளக்கு உட்பட எல்லாமே ஒரே திசையில் இழுபட்டு, புள்ளி விளக்குகள் சின்னக் கோடுகளாகத் தெரிந்தால் கேமரா அசைந்திருக்கிறது. ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார் உள்ள கேமராவில் 50 எம்.எம். லென்ஸ் என்றால் 1.5 ஆல் பெருக்கினால் 75, அதனால் குறைந்தது 1/80 நொடியாவது வேண்டும். கம்பம் தெளிவாக இருந்து கை மட்டும் கலங்கியிருந்தால் அசைந்தது ஆள். அதற்கு லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் எதுவும் செய்யாது. நடப்பவருக்கு 1/250, பரதநாட்டியத்தில் துள்ளலுக்கு 1/500, ஜல்லிக்கட்டுக்கு 1/1000, பறக்கும் பறவைக்கு 1/2000 என்று ஷட்டரை ஏற்றினால்தான் தீரும்.

மூன்றாவது ஃபோகஸ் தவறுவது. முகம் மங்கலாக இருக்கும், ஆனால் படத்தில் வேறு எங்கோ ஓர் இடம் கூர்மையாக இருக்கும். தரையைப் பார்த்தால் அந்த இடம் எளிதில் பிடிபடும்: மண்ணோ கல்லோ ஒரு பட்டைபோலத் தெளிவாக இருக்கும், அது ஆளுக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துச் சொல்லலாம். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-ல் (துளை அகலமாகத் திறந்த நிலையில்) வைத்து ஒரு மீட்டர் தூரத்தில் முகத்தை எடுத்தால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 3 செ.மீ. தான். மூக்கு நுனி தெளிவாகி, கண் விட்டுப்போக அது தாராளமாகப் போதும். அங்கே சொல்ல வேண்டியது ‘எஃப் 4 வைத்துப் பாருங்கள், ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்மேல் வையுங்கள்’ என்பதுதான்.

நான்காவது, லென்ஸில் அழுக்கு அல்லது ஈரம். விளக்குகளைச் சுற்றிப் பனிபோல ஒளிவட்டம், படம் முழுக்கக் கறுப்பு வெளிறிய தோற்றம். போனில் இது பெரும்பாலும் விரல் ரேகை. பனியன் துணியால் துடைத்தாலே போகும். கேமரா என்றால், ஏ.சி. அறையிலிருந்து கடற்கரை ஈரக்காற்றுக்கு நேராக எடுத்து வந்தாரா என்று கேளுங்கள். பைக்குள்ளேயே இருபது முப்பது நிமிடம் வைத்து வெளிச் சூட்டுக்குப் பழக்கினால் கண்ணாடியில் நீர் பூக்காது. ஐந்தாவது போனுக்கே உரியது: குறைந்த வெளிச்சத்தில் நாய்ஸை அழிக்கும் மென்பொருள் தலைமுடியையும் தோலையும் மெழுகு பூசியதுபோல் ஆக்கிவிடும். அது ஃபோகஸ் பிழை அல்ல. வெளிச்சம் உள்ள பக்கமாக ஆளைத் திருப்புவதுதான் வழி.

இந்த ஐந்தையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் மற்றவர்கள் ஒரு வருடத்தில் கற்பதை ஒரு மாதத்தில் கற்றுவிடலாம். தெரியாதவர் மௌனமாக இருக்க வேண்டியதில்லை. ‘முகம் மங்கலா இருக்கு, பின்னாடி சுவர் தெளிவா இருக்கு’ என்று கண்டதைச் சொன்னால் போதும், தெரிந்தவர் மீதியைச் சொல்வார்.

வெளிச்சம் பற்றிய கருத்துகளில் ஒன்று என்னை உண்மையாகவே வருத்துகிறது. ‘முகம் கறுப்பா இருக்கு, கொஞ்சம் ஏத்துங்க.’ கறுத்த நிறமுள்ளவரின் முகம் படத்தில் கறுப்பாக இருப்பது குறை அல்ல. பார்க்க வேண்டியது வேறு: கன்னத்தில் படும் ஒளியில் தோலின் நுணுக்கம் தெரிகிறதா, கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறதா, நிழல் பக்கத்தில் உருவம் இருக்கிறதா, வெறும் கறுப்பாக அடைத்துக்கிடக்கிறதா? கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் தேவைக்கு மேல் வெளிச்சம் ஏற்றி, தோலின் ஆழமான நிறத்தைச் சாம்பல் பூத்ததாக்கிவிடும். அங்கே 2/3 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைக்கத்தான் வேண்டும். அதே ஆள் உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையோடு முழு உருவமாக நின்றால் மீட்டர் வேட்டியைப் பார்த்து மிரண்டு எல்லாவற்றையும் இருட்டாக்கும். அப்போது முகம் அடைபடும். அங்கே வெளிச்சத்தை ஏற்றுவதைவிட ஆளை நிழலுக்கு அழைப்பது நல்லது. ஏற்றினால் வேட்டியின் மடிப்புகள் வெண்மையில் கரைந்துவிடும். ‘ஏத்துங்க’ என்ற ஒற்றைச் சொல் இந்த இரண்டு நிலைமைகளையும் ஒன்றாக்குகிறது. கூடவே, இப்படித்தான் முகங்கள் இருக்க வேண்டும் என்ற பழைய தப்பெண்ணத்தையும் புதிதாகக் கற்பவர் கையில் கொடுத்துவிடுகிறது. போனில் பியூட்டி மோட் அணைந்திருக்கிறதா என்று கேட்பது இதைவிடப் பயனுள்ள கருத்து.

மேடை விளக்கும் இப்படித்தான் ஏமாற்றும். மார்கழி நிகழ்ச்சிகளில் சிவப்பு எல்.இ.டி. விளக்கின் கீழ் எடுத்த முகங்கள் மூக்கும் கன்னமும் தெரியாத சிவப்புக் களிம்பாக இருக்கும். இருட்டிலிருந்து வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில், பொதுவாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் சிவப்புச் சானல் மட்டும் வலது சுவரில் முட்டி அறுந்திருக்கும். எடுத்தவரிடம் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ஸ்டாப் குறைத்து, சுருக்கப்படாத ரா (RAW) கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள், முடிந்தால் விளக்கு வெள்ளைக்கு மாறும் கணத்துக்குக் காத்திருக்கச் சொல்லுங்கள். அறுந்துபோன சானலை எடிட்டிங்கில் மீட்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் பாவம், இரவெல்லாம் ஸ்லைடரை இழுத்துக்கொண்டிருப்பார்.

நாட்டியப் படங்களில் இன்னொன்றும் உண்டு. புகைப்படக்காரர்கள் மட்டும் கூடிக் கருத்துச் சொன்னால் ஒரு முக்கியமான குறை யார் கண்ணிலும் படாது. முத்திரை பாதி விரிந்த கணம், அரைமண்டி (முழங்கால் மடித்த அரை அமர்வு) சரியாக அமராத கணம், அடவு (ஆட்டத்தின் அடிப்படை அசைவு) முடியும் நிலைக்கு ஒரு நொடி முந்திய கணம்: ஒளி, சட்டகம் எல்லாம் அருமையாக இருக்கும், ஆடியவர் பார்த்தால் கூசிப்போவார். கணுக்காலில் வெட்டிய சட்டகமும் அப்படித்தான். அடவே பாதத்தில் இருக்கும்போது அதை வெளியே தள்ளிவிட்டால் என்ன மிச்சம்? எடுத்த பொருளைத் தெரிந்தவரிடம் படத்தைக் காட்டுங்கள். நாட்டியம் என்றால் ஆடுபவரிடம், வலை இழுப்பது என்றால் மீனவரிடம். ‘இந்தக் கயிறை இப்படிப் பிடிச்சா வேலை ஆகாது, போஸ் கொடுத்திருக்காப்ல’ என்று அவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

அமைப்பு பற்றிப் பேசும்போது உடனே வருவது மூன்றில் ஒரு பங்கு விதி: சட்டகத்தை மூன்று மூன்றாகப் பிரிக்கும் கோடுகளில் ஆளை வைப்பது. ஆளைக் கோட்டில் வைக்கவில்லை, நடுவில் வைத்துவிட்டீர்கள் என்பார்கள். கோயில் பிரகாரத்தின் தூண் வரிசையை நடுவிலிருந்து எடுக்காமல் வேறு எங்கிருந்து எடுப்பது? விதியைச் சொல்லிக் குறை காண்பது சோம்பேறிக் கருத்து. விதி மீறப்பட்டதால் இந்தப் படத்தில் என்ன கெட்டது என்று சொல்ல முடிந்தால் சொல்லலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம். அதைவிட, சட்டகத்தின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று நடந்து பார்க்கச் சொல்லிக்கொடுப்பது மேல். தலையிலிருந்து முளைக்கும் மின்கம்பம், மூலையில் பளிச்சிடும் பிளாஸ்டிக் பை, மணிக்கட்டில் அறுந்த கை, பாதி மட்டும் உள்ளே வந்த பைக் ஆகியவையெல்லாம் ஓரங்களில்தான் இருக்கும். பெரும்பாலும் அரை அடி நகர்ந்தாலே தீர்ந்துவிடும். மெரினாவில் கடல் கோடு ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் கண் உறுத்தும். கேமராவில் கிரிட் கோடுகளைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் முடிந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 66 மீட்டர் உயரம். பக்கத்தில் நின்று போனை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்பக்கம் சாய்வதுபோல் குறுகும். ‘எடிட்டிங்கில் நிமிர்த்துங்க’ என்பது எளிதான யோசனை. முழுக்க நிமிர்த்தினால் மேல்பாகம் உப்பி, கோயில் தலைகனத்துத் தெரியும், ஓரங்களும் வெட்டுப்படும். நுழைவாயில் பக்கம் பின்வாங்கி, போனைச் செங்குத்தாக நேரே பிடித்து, கீழே கூடுதலாக வரும் தரையை வெட்டிக்கொள்வதுதான் சரியான வழி.

படத்தின் ஓரங்களை வெட்டுவது தப்பு என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெட்டுவதை விரும்பாதவராகப் பெயர் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரஸ்ஸோன் 1932-ல் பாரிஸின் சேன்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த, தேங்கிய நீரின்மேல் தாவும் மனிதரின் படம் வெட்டப்பட்டதுதான். வேலியின் இடைவெளி வழியாக எடுத்ததால் வேலிப் பலகை ஓரத்தில் விழுந்திருந்தது. ஆனால் வெட்டச் சொல்பவர் மிச்சம் எவ்வளவு என்று கணக்கும் பார்க்க வேண்டும். 12 மெகாபிக்ஸல் போன் படத்தில், 4000-க்கு 3000, நீளத்திலும் உயரத்திலும் பாதிப் பாதி வெட்டினால் 2000-க்கு 1500 பிக்ஸல்தான் தேறும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 5-க்கு 6½ அங்குலப் பிரிண்ட்தான் போட முடியும். கண்காட்சிக்கு 12-க்கு 18 அங்குலம் வேண்டுமென்றால், 200 புள்ளிக்கு இறங்கினாலும் 2400-க்கு 3600 பிக்ஸல் தேவை. வெட்டும் யோசனையைச் சொற்களில் விளக்குவதைவிட, திரையின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறைத்துக் காட்டுவது தெளிவு. அடுத்தவர் படத்தைத் தானே எடிட் செய்து குழுவில் போடுவதற்கு முன் கண்டிப்பாக அனுமதி கேட்க வேண்டும். கேட்காமல் செய்தால், எவ்வளவு நல்ல மாற்றமாக இருந்தாலும் அவர் மனம் அதைப் பார்க்காது.

சில யோசனைகள் படத்தோடு நிற்காமல் வெளியேயும் கெடுதல் செய்யும். வேடந்தாங்கலில் கரையிலிருந்து எடுத்த நத்தைகொத்தி நாரையின் படத்தைப் பார்த்து ‘இன்னும் கிட்டப் போயிருக்கலாம்’ என்று ஒருவர் எழுதினால், அதைப் படிக்கும் பதினெட்டு வயதுப் பையன் ஒருநாள் வேலியைத் தாண்டுவான். கூடு கட்டும் பருவத்தில் பறவை எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகத்தின் கண்ணிலும் கிடக்கும். அங்கே 300, 400 எம்.எம். லென்ஸிலும் பறவை சின்னதாகத்தான் வரும். பறவையைச் சின்னதாகவே விட்டு, நீரில் நிற்கும் மரமும் அதன் நிழலும் சேர்ந்த சட்டகமாக எடுக்கச் சொல்வது நல்ல கருத்து. மங்கலாக இருந்தால் லென்ஸைக் குறை சொல்வதற்கு முன் நேரத்தைக் கேளுங்கள்: வெயில் ஏறியதும் நீர்ப்பரப்புக்கு மேல் காற்று அலையாடும், எந்த லென்ஸும் அதன் வழியாகக் கூர்மையாகப் பார்க்காது. காலை எட்டு மணிக்கு முன் எடுத்தால் அதே லென்ஸ் இறகு இறகாகக் காட்டும். கூட்டில் உள்ள பறவையின் நெருக்கப் படம் வந்தால் பாராட்டாமல் இருப்பதும் ஒரு கருத்துதான். பல போட்டிகள் அந்த வகைப் படங்களை ஏற்பதில்லை என்ற தகவலையும் சேர்த்துச் சொல்லலாம். குளிக்கும் குழந்தை, இழவு வீட்டு முகம், உதவி கேட்கும் நிலையில் இருப்பவர் போன்ற படங்களுக்கான பேச்சைப் பொதுவில் தொடங்காமல் எடுத்தவரைத் தனியாக அழைத்துப் பேசுவதே முறை. அதையும் தள்ளிப் போடக் கூடாது.

சொல்லும் விதத்துக்கு வருவோம். லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990-களிலிருந்து பரப்பிய ஒரு முறை உண்டு. முதலில் பார்ப்பவர்கள் தங்களுக்கு எது பட்டது என்று சொல்வார்கள். பிறகு படைத்தவர் கேள்வி கேட்பார். அதன்பின் பார்ப்பவர்கள் நடுநிலையான கேள்விகள் கேட்பார்கள். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் அனுமதி கேட்டு. நடனத்துக்காக வந்தாலும் படத்துக்கு அப்படியே பொருந்துகிறது. இதில் கடினமானது நடுநிலைக் கேள்வி. ‘ஏன் இவ்வளவு இருட்டா எடுத்தீங்க?’ என்பது கேள்வி வேடம் போட்ட குறை. ‘இந்த நிழல் பக்கத்தில் எதைத் தெரிய வைக்க நினைச்சீங்க?’ என்பது கேள்வி. எடுத்தவர் ‘ஒன்றும் இல்லை, மறைக்கத்தான் நினைத்தேன்’ என்றால் நீங்கள் குறை என்று நினைத்தது குறையே அல்ல. ‘அங்கே ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார்’ என்றால் பேச வேண்டியது என்ன என்று இருவருக்கும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் இன்னொரு பாராட்டு என்று பொதிந்து கொடுக்கும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர் ‘ஆனா’ எப்போது வரும் என்று காத்திருந்து, பாராட்டை நம்பாமல் விட்டுவிடுவார். பாராட்டும் குறையைப் போலவே துல்லியமாக இருக்க வேண்டும். ‘ஒளி அருமை’ என்றால் அவருக்கு மறுபடி செய்யத் தெரியாது. ‘ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வைத்ததால் நிழல் மூக்கின் ஒரு பக்கம் விழுந்து முகத்துக்கு வடிவம் வந்திருக்கிறது’ என்றால் அடுத்த வீட்டு ஜன்னலிலும் அதைச் செய்வார். ‘நீங்க தப்பா எடுத்துட்டீங்க’ வேண்டாம். வாக்கியத்தின் எழுவாய் படமாக இருக்கட்டும். ஒரு படத்துக்கு ஒரு பெரிய விஷயம், கூட ஒரு சின்ன விஷயம் போதும். ஏழு குறைகளைக் கேட்டவர் எதையும் திருத்த மாட்டார்.

மரியாதையும் இதில் குறுக்கே வரும். ஓய்வு பெற்ற பிறகு ஆசையாகக் கேமரா வாங்கிய சாருக்கு யாரும் குறை சொல்வதில்லை. எல்லாரும் ‘அருமை சார்’ என்று கடந்துவிடுகிறார்கள். அவரும் வருடக் கணக்கில் அதே படத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். ‘சார், உங்களிடம் ஒன்று கேட்கலாமா?’ என்று தொடங்கினால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே கேட்டுக்கொள்கிறார்கள். பெண்களின் படங்களுக்கு நேர்மாறான கேடு: பாராட்டு குவியும், அதில் படத்தைப் பற்றி ஒரு சொல் இருக்காது. அவர் கேட்காமல் தனிச்செய்தியில் போய் ‘டிப்ஸ்’ கொடுப்பதை எந்தக் குழுவும் அனுமதிக்கக் கூடாது. கேட்ட இடத்திலேயே, எல்லார் முன்னும், படத்தைப் பற்றி மட்டும் பேசலாம்.

கருத்தைப் பெறுபவருக்குக் கடினமான வேலை ஒன்றே: முதல் ஐந்து நிமிடம் பேசாமல் இருப்பது. ‘அங்க இடம் இல்லைங்க’, ‘ஒரு நொடிதான் கிடைச்சது’ என்று விளக்கத் தொடங்கினால் சொல்பவர் நிறுத்திவிடுவார். எழுதிக்கொள்ளுங்கள். தெளிவில்லாத சொல் வந்தால் ‘எந்த இடத்தில்?’ என்று கேளுங்கள். ‘பிடிச்சிருக்கு’ என்றால் ‘எதனால்?’ என்று கேளுங்கள். மூன்று பேர் மூன்று விதமான மருந்து சொன்னாலும் ஒரே இடத்தைக் காட்டினால், மருந்துகள் தவறாக இருக்கலாம், நோய் அங்கேதான். ஒருவர் வானத்தை வெட்டச் சொல்கிறார், ஒருவர் இருட்டாக்கச் சொல்கிறார், ஒருவர் மேகம் உள்ள நாளில் எடுக்கச் சொல்கிறார். மூவருக்கும் வானம் உறுத்துகிறது.

வந்த கருத்துகளை வீட்டில் பிரித்துப் பார்க்கலாம். இன்றே எடிட்டிங்கில் சரிசெய்யக்கூடியவை, மறுபடி போய் எடுத்தால் மட்டும் சரியாகுபவை, சுவை சார்ந்தவை. முதல் வகைக்கு மூலக் கோப்பைத் தொடாமல் ஒரு நகலில் மாற்றிப் பார்த்து, ஒரு நாள் கழித்துப் பழையதையும் புதியதையும் சின்ன அளவில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாற்றிய உடனே புதியது எப்போதும் நன்றாகத்தான் தோன்றும், அந்த மயக்கம் தெளிய ஓர் இரவு வேண்டும். சுவை சார்ந்தவற்றை நன்றியோடு ஒதுக்கலாம். கருப்பு வெள்ளை பிடிக்காதவர் கருப்பு வெள்ளையை வேண்டாமென்றால் அது அவரைப் பற்றிய செய்தி.

ஒரு வேண்டுகோள் அதிகம் பயன்படுத்தப்படுவதில்லை: ‘இதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஐந்தைந்து படங்களையும் காட்டுங்கள்.’ பல நேரம் நல்ல படம் அந்தப் பத்தில்தான் கிடக்கும். எடுத்தவர் தெளிவாக இருந்த ஒன்றைத் தேர்ந்திருப்பார். கொஞ்சம் கலங்கிய அடுத்த படத்தில் ஏலக்காரர் வாய் திறந்து, எதிரே நின்ற பெண் சிரித்திருப்பார். எடுக்கும் முறையும் அதில் தெரியும். பத்தும் ஒரே இடத்தில் நின்று எடுத்தவை என்றால், அவருக்குச் சொல்ல வேண்டியது ஷட்டர் வேகமே அல்ல, காலை நகர்த்துவதைப் பற்றித்தான்.

நேரில் கூடிப் பார்ப்பதாக இருந்தால் ஒரு படத்துக்கு ஏழெட்டு நிமிடம், ஒரு அமர்வுக்குப் பத்துப் படம் என்பது எல்லை. அதற்கு மேல் கண்ணும் பொறுமையும் தேயும், கடைசியில் வருபவருக்கு ‘நல்லா இருக்கு’தான் மிஞ்சும். புரொஜெக்டரில் நிழல் பகுதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அறையில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தாலே கறுப்பு வெளிறிவிடும். 8-க்கு 12 அங்குலப் பிரிண்ட் போட்டு, வெள்ளை விளக்கின் கீழ் மேசையில் பரப்பிப் பார்ப்பதே உத்தமம். பிரிண்ட் திரையைவிட இருட்டாக வந்தால் பெரும்பாலும் லேப் மீது பிழை இல்லை. திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி வைத்து எடிட் செய்திருப்பார்கள். பாதிக்கு இறக்கி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

கருத்துச் சொன்னவருக்கும் ஒரு கடமை மிச்சமிருக்கிறது. எடுத்தவர் அந்த யோசனைப்படி மறுபடி போய் எடுத்த படத்தைக் கேட்டு வாங்கிப் பழையதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காசிமேட்டில் இரண்டடி இடப்பக்கம் நகரச் சொன்னோமே, அங்கே நின்றால் தூணின் நிழல் ஏலக்காரர் முகத்தில் விழுகிறது என்பது அப்போதுதான் தெரியவரும். அப்படியென்றால் யோசனை தவறு என்று குழுவிலேயே சொல்லிவிட்டு, தெர்மாகோல் பெட்டியை மறைக்க வேறு வழி தேட வேண்டும்: வலப்பக்கம் இன்னும் நெருங்கி, ஒரு கூடையை முன்னணியில் வைத்து, 28 எம்.எம்.மில்.